மறுமொழி: ‘ஜோக் மான்ஸ்டர்’ – ‘கோமாளிப் பூதம்’ சரிவருமா?

> ‘மான்ஸ்டர்’ அரக்கன் என்றால் ‘ஜோக் மான்ஸ்டர்’ நகைச்சுவை அரக்கன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

இருக்கிறது ஐயா. ‘நகைச்சுவை அரக்கன்’ என்று படித்ததும் எனக்குச் சினிமா சுவரொட்டிதான் ஞாபகம் வருகிறது. நகைச்சுவை மன்னன், நகைச்சுவைப் புயல் வரிசையில் இன்னொரு பட்டம். கணினி விளையாட்டில் சிரிப்புக்காகவே உள்ளே விடப்படும் எதிரிதான் ‘ஜோக் மான்ஸ்டர்’. அங்கே அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தமிழ்ச்சொல் தேடுவோம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கிச் சண்டையிடும் கணினி விளையாட்டுகள் 1980 வாக்கில் ‘ரோக்’ வந்ததிலிருந்து பெருகின. ‘ரோக்’கில் படமே கிடையாது, ஒவ்வொரு மான்ஸ்டர் வகைக்கும் ஓர் எழுத்துதான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, மான்ஸ்டர் வகைகளும் 26. அடுத்த ஆண்டே ‘விசார்ட்ரி’ ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அதில் ஒரு முயல் வரும். முயல்தானே என்று அலட்சியமாக இருந்தால் ஒரே கடியில் தலை போய்விடும். 1975இல் வந்த ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்தின் கொலைகார முயலை அப்படியே தூக்கி வந்து உள்ளே விட்டிருந்தார்கள். படம் பார்த்தவன் சிரித்துக்கொண்டே சாவான், பார்க்காதவன் ஒன்றும் புரியாமல் சாவான்.

1987இல் வெளியான ‘நெட்ஹேக்’கில் இன்னொன்று: கிரிட் பக். திரையில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன ‘எக்ஸ்’. கடித்தால் ஒரே ஒரு புள்ளி உயிர் குறையும். கட்டங்களில் மேல் கீழ், இடம் வலம் போகுமே தவிர மூலைவாட்டில் நகரத் தெரியாது, தாயக்கட்டத்துக் காய் மாதிரி. நீங்கள் அதற்கு மூலையில் போய் நின்றுகொண்டால் அதனால் உங்களைத் தொடவே முடியாது, நீங்கள் சாவகாசமாக அடிக்கலாம். விளையாட்டோடு வரும் கலைக்களஞ்சியத்தில் இதற்கு ஒரு விளக்கமும் உண்டு: இவை நம் உலகத்தைச் சேர்ந்தவை அல்ல, வேறு இயக்க விதிகள் உள்ள உலகத்திலிருந்து வந்தவையாம். முகத்தை அவ்வளவு சீரியசாக வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

ஆனால் இந்த வகையில் சக்கரவர்த்தி என்றால் ‘டயாப்ளோ 2’இன் மாடுகள்தான். சொல் தேடுவதற்கும் அவைதான் நல்ல சோதனை என்பதால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் டயாப்ளோ 1996 டிசம்பர் கடைசி நாளில் வெளிவந்தது. டிரிஸ்ட்ராம் என்ற ஊர். ஊருக்குள் சும்மா நிற்கும் மாடுகள். அந்த மாட்டை இத்தனை தடவை சொடுக்கினால் ரகசிய வாசல் திறக்கும், உள்ளே மாடுகள் மட்டுமே உள்ள தளம் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சுத்தப் பொய். ஆனாலும் ஆட்கள் மாட்டைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார்கள். பிளிசார்ட் நிறுவனம் 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ வெளியிட்டபோது ‘மாட்டுத் தளம் என்று ஒன்றும் கிடையாது’ என்ற வாக்கியத்தையே ஒரு குறுக்குவழிக் குறியாக உள்ளே வைத்தது. ஆங்கிலத்தில் அதைத் தட்டினால் அந்தக் கட்டத்தில் உடனே வெற்றி. மறுப்பே நக்கலாகிவிட்டது.

2000இல் டயாப்ளோ 2 வந்தது, இல்லாத தளம் நிஜமாகவே இருந்தது. போகும் வழிதான் அழகு. முதல் விளையாட்டில் விர்ட் என்று மரக்கால் சிறுவன் ஒருவன், சரக்கைக் கண்ணால் காட்டவே 50 பொற்காசு கேட்பான். இரண்டாம் விளையாட்டில் அழிந்துபோன டிரிஸ்ட்ராமில் அவன் பிணம் கிடக்கும். அந்த மரக்காலை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி எதிரியைக் கொன்று முடித்த பிறகு, முதல் முகாமில் நின்றபடி, அந்தக் காலையும் ஊர்வாசல் மந்திரப் புத்தகம் ஒன்றையும் ஹொராட்ரிக் பெட்டிக்குள் போட்டு உருமாற்றினால் சிவப்பு வாசல் திறக்கும். உள்ளே பச்சைப் புல்வெளி. இரண்டு காலில் நிமிர்ந்து, நீண்ட பிடிபோட்ட ஆயுதம் ஏந்தி, மந்தை மந்தையாக மாடுகள். ‘மூ’ என்றபடி வெட்ட வரும். நடுவில் எங்கோ அவற்றுக்கு ஒரு ராஜா. பழைய பதிப்புகளில் அந்த ராஜாவை நீங்கள் கொன்றுவிட்டால், அதே கடினநிலையில் அந்தப் பாத்திரத்தால் மறுபடி வாசலைத் திறக்க முடியாது. அதனால் ராஜாவைக் கண்டதும் ஓடுவது ஒரு கலையாகவே வளர்ந்தது.

இந்த மாடுகளின் ஆங்கிலப் பெயர் ‘ஹெல் பொவைன்’. நம் மொழிபெயர்ப்புச் சொல்பட்டியல் தாளில் ஒருவர் ‘நரகப் பசு’ என்று போட்டிருக்கிறார். பார்வைக்குச் சரியான சொல். ஆனால் சைவ சித்தாந்தம் லேசாகத் தொட்டவர்கூட அதைப் பார்த்து, நரகத்தில் கிடக்கும் ஆன்மா என்று படிப்பார். பதி, பசு, பாசம் இருக்கிறதே. அதே தாளில் ‘கௌ கிங்’ என்பதற்குப் ‘பசுவரசன்’. பசுக்களின் அரசன் என்றால் பசுபதி அல்லவா? கரூரில் கோயில் இருக்கிறது. அவரைக் கொன்றால் வாசல் மூடிக்கொள்ளும் என்று விளையாட்டுக் குறிப்பில் எழுதப் போகிறோமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

‘மாடு’ போதும். நரக மாடு, மாட்டு ராஜா. ஆங்கிலத்தில் ‘கௌ’ பெண், ‘கிங்’ ஆண், அந்த முரண்தான் சிரிப்பு. மாடு பொதுப்பால் என்பதால் தமிழில் அது போய்விடும் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டிருந்தார். போகட்டும், வேறொன்று கிடைக்கிறதே. பழந்தமிழில் மாடு என்றால் செல்வம். ‘மாடல்ல மற்றை யவை’ என்று குறளில் படித்ததுதான். ஜனங்கள் அந்தத் தளத்துக்குப் போனதே பொருள் அள்ளத்தான். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு எண்ணிக்கையில் எதிரிகள் வேறெங்கும் கிடைப்பது அபூர்வம். விளைவு, அபூர்வமாக இருக்க வேண்டிய கேலி தினசரி உத்தியோகமாகிவிட்டது. என்னைக் கேட்டால் மாடுகளைவிட அந்த ஊதா எக்ஸ்தான் சிறந்த நகைச்சுவை. அதை வைத்து யாரும் சம்பாதிக்க முடியாது.

சரி, பொதுச்சொல்லுக்கு வருவோம். முதல் சிக்கல் ‘ஜோக்’ அல்ல, ‘மான்ஸ்டர்’. நெட்ஹேக்கின் நிரலைத் திறந்து பார்த்தால், விளையாடுபவரைத் தவிர நடமாடும் அத்தனையும் மான்ஸ்டர்தான். டிராகனும் மான்ஸ்டர், கடைக்காரரும் மான்ஸ்டர், ஆரம்பத்திலேயே உங்கள் காலைச் சுற்றிவரும் பூனைக்குட்டியும் மான்ஸ்டர். பூனைக்குட்டியை அரக்கன் என்று எப்படிச் சொல்வது? ‘உயிரி’ என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனை, ஆனால் பாதிப் பேர் ஏற்கெனவே செத்தவர்கள். பேய், பிணம், களிமண் பொம்மை எல்லாம் பட்டியலில் உண்டு.

அதனால் ‘பூதம்’ என்கிறேன். நமக்குப் பூதம் கெட்டதாகவே இருக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொல்பவர்களைப் பிடித்துத் தின்னும், ஊருக்கு அது காவல். கோயிலில் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக ஓடும் பூதவரியைப் பாருங்கள். தொப்பையும் குட்டைக் காலுமாக ஒன்று மத்தளம் கொட்டும், ஒன்று பல்லைக் காட்டும், ஒன்று ஆடும். கருவறையில் சாமி அவ்வளவு கம்பீரமாக இருக்கும்போது வெளியே இவ்வளவு குறும்பைச் செதுக்க இடம் விட்டிருக்கிறான் சிற்பி. மேலும் இது தோண்டி இறங்கும் விளையாட்டு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

அடுத்து ‘ஜோக்’. கேலி, வேடிக்கை, பகடி, விகடம் நான்கும் வந்திருக்கின்றன. கேலி என்றால் யாரையோ கேலி செய்ய வேண்டும். மாடு யாரைக் கேலி செய்கிறது? வதந்தியை நம்பிய நம்மைத்தான், சரி; ஆனால் எல்லா ஜோக் மான்ஸ்டரும் அப்படியல்ல. பகடி கிரிட் பக்குக்கும் முயலுக்கும் பொருந்தும், மாட்டுக்குப் பொருந்தாது. வேடிக்கை என்றால் ‘வேடிக்கை பார்க்கிற பூதம்’ என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. விகடம் பழைய வாசனை, தெனாலிராமனோடு நின்றுவிட்டது.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான்? துரியோதனன் சபையில் கதைக்குள் ஒருவனாக நிற்கிறான். திடீரென்று நம் பக்கம் திரும்பி உள்ளூர் சங்கதி ஒன்றை அவிழ்த்துவிடுகிறான். மறுகணம் மறுபடி சபைக்குள். ஜோக் மான்ஸ்டரும் இதையேதான் செய்கிறது. விளையாட்டின் விதிக்கு அது கட்டுப்பட்டது, உயிர்ப் புள்ளி உண்டு, அடி உண்டு, அடித்தால் சாகும். ஆனால் பேசுவது கதையிடம் அல்ல, ஆடுபவரிடம். ‘கட்டியக்காரப் பூதம்’ என்றால் நீளம், கூத்து பார்க்காதவருக்குப் புரியவும் புரியாது. எனவே ‘கோமாளிப் பூதம்’.

ஒளித்துவைக்கும் குறும்புகளுக்கு ‘ஈஸ்டர் எக்’ என்று வேறு சொல் இருக்கிறது, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். 1980இல் அட்டாரியின் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில், நிறுவனம் பெயர் போட மறுத்ததால் வாரன் ராபினெட் தன் பெயரைக் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியின் உதவியோடு ரகசிய அறையில் ஒளித்துவைத்தார், அது ஈஸ்டர் எக். அதே விளையாட்டில் வாத்து மாதிரித் தெரியும் டிராகன்கள் கோமாளிப் பூதங்கள் அல்ல, பாவம், அவை உண்மையிலேயே டிராகனாக இருக்க ஆசைப்பட்டவை.

கடைசியாகத் திணை. மொழிபெயர்ப்பில் கையைக் கடிக்கப் போவது இதுதான். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் மாற்றினால் வாக்கியம் ஓடும். நமக்கு அரக்கன் கடித்தான், பூதம் கடித்தது. பொதுச்சொல் அஃறிணையாக இருந்தால் முயல், பூச்சி, மாடு எல்லாவற்றுக்கும் ‘-து’ என்று ஒரே அச்சில் போகலாம். மாட்டு ராஜா மட்டும் வெட்டினானா, வெட்டியதா? வெட்டினான் என்றே போடச் சொல்கிறேன். ஆதரவுக்கு இலக்கணமே இருக்கிறது: பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்தோம். உவப்பினால் மாடு உயர்திணை ஆகலாம். நிரலில் வரும் பிழையான ‘பக்’ என்பதற்கு வழு என்று நாம் ஏற்கெனவே எழுதிவருவதால், ‘இது வழு அல்ல, வழுவமைதி’ என்று நிரலர்களிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்.

---

> பொதுச்சொல் அஃறிணையாக இருந்தால் ஒரே அச்சில் போகலாம்.

அண்ணா, பூதத்துக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் வினைமுற்று தீர்ந்தாலும் வேற்றுமை உருபு தீரவில்லை. செத்ததும் வரும் ‘இன்னதால் கொல்லப்பட்டீர்’ வரியில் பெயரை நிரல்தான் நிரப்பும். முயலால் சரி, பூச்சியால் சரி. மாடு வந்தால் ‘மாடுஆல்’, பூதம் வந்தால் ‘பூதம்ஆல்’ என்று ஒட்டிவைக்கும். ஆங்கிலப் பன்மைக்கு நெட்ஹேக்கில் தனிச் செயற்கூறே எழுதி, ‘ஆக்ஸ்’ வந்தால் ‘ஆக்சன்’ என்று விதிவிலக்கெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். நமக்காக மாட்டு-, பூதத்து- என்று வேற்றுமை ஏற்கும் வடிவத்தையும் யாராவது சேர்க்க வேண்டும். அந்த யாராவது நான் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், கிரிட் பக்குக்கு இன்னும் யாரும் தமிழ்ப்பெயர் வைக்கவில்லை.

---

தம்பி, ‘கட்டப்பூச்சி’ என்று தாளில் இப்போதுதான் ஏற்றினேன். பூச்சி என்றால் ‘பக்’ சிலேடை போய்விடும், போனால் போகட்டும்.

உருபுக்கு ஒரு வழி: வாக்கியமே வேண்டாம். ‘சாவுக்குக் காரணம்: மாடு’ என்று போட்டுவிடலாம். முக்காற்புள்ளிக்குப் பின்னால் எழுவாய் வடிவம் அப்படியே நிற்கும், நிரலில் கை வைக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் மாதிரி இருக்கும், கட்டப்பூச்சியிடம் செத்தவருக்கு அதுவே கூடுதல் அவமானம்.

ஆட்சேபம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பூதம், கோமாளிப் பூதம், நரக மாடு, மாட்டு ராஜா, கட்டப்பூச்சி ஐந்தையும் ‘பரிந்துரை’ பத்தியிலிருந்து ‘ஏற்றது’ பத்திக்கு மாற்றிவிடுகிறேன். ‘நரகப் பசு’ போட்டவர் அந்த வரியைத் தானே நீக்கிவிட்டால் நல்லது, அடுத்தவர் வரியை அழிக்க எனக்கு அனுமதி இல்லை.