ராக்கிங் சுவர் சோதனை: ஸ்ட்ராண்ட் தாங்குமா?

கேள்வி:
வணக்கம். உயரமான கான்கிரீட் கட்டடங்களுக்கான ராக்கிங் சுவர் (நிலநடுக்கத்தில் அடியில் திறந்து ஆடி, பிறகு தானே நேராகும் சுவர்) மாதிரி ஒன்றைச் சோதிக்கப்போகிறோம். நீளம் 1.5 மீட்டர், உயரம் 4.5 மீட்டர். நடுவில் 1860 மெகாபாஸ்கல் வலிமையுள்ள ஸ்ட்ராண்டுகள் (முறுக்கிய எஃகு வடங்கள்), கிரவுட் (சிமெண்ட் கூழ்) இல்லாத குழாய்க்குள். ஆங்கருக்கு ஆங்கர் (ஸ்ட்ராண்டின் முனைப்பிடிகளுக்கு இடையே) 5 மீட்டர். தொடக்க இழுவை அந்த வலிமையில் 55 சதவீதம். எவ்வளவு டிரிஃப்ட் (உச்சி நகர்வை உயரத்தால் வகுத்தது) வரை தள்ளலாம்?

பதில் 1:
இத்தகைய சுவர்ச் சோதனைக்கான அமெரிக்க கான்கிரீட் கழக ஆவணமான ஏசிஐ ஐடிஜி-5.1 படி, உயரத்தை நீளத்தால் வகுத்து 0.8-ஆல் பெருக்கி 0.5 கூட்டுங்கள்: 2.9 சதவீதம் வரும். ஒவ்வொரு படியிலும் மூன்று முழுச் சுற்று. அடுத்த படி முந்தையதைப் போல 1.25 முதல் 1.5 மடங்கு.

சிக்கல் உங்கள் 55 சதவீதத்தில் இருக்கிறது. ஓரத்தில் 15 செ.மீ. மட்டும் அழுந்தியிருக்கிறது என்று வையுங்கள். நடுவில் அடித்தளத்திலிருந்து சுவர் 60 × 0.029 = 1.74 செ.மீ. தூக்கும். 5 மீட்டரில் அது 0.35 சதவீத நீட்சி. தொடக்கத்தில் ஏற்கெனவே 0.52. மொத்தம் 0.87; ஸ்ட்ராண்ட் இளகத் (நிரந்தரமாக நீளத்) தொடங்கும் இடம். இளகினால் திரும்பும்போது இழுவை குறையும், சுவரை நேராக நிறுத்தும் விசையும் போகும். 45 சதவீதத்தில் தொடங்கினால் 0.78-இல் நிற்கும். ஆங்கரில் ஸ்ட்ராண்டைப் பிடிக்கும் வெட்ஜ் (ஆப்பு) பற்கள் கடிக்கும் இடத்தில் இழைகள் சீக்கிரமே அறுவதால், 1 சதவீதத்தை நெருங்கவே விடாதீர்கள். ஒவ்வொரு ஆங்கரிலும் லோட் செல் (விசையை அளக்கும் கருவி) வையுங்கள்.

பதில் 2:
சார், ஸ்ட்ராண்ட் மட்டும் இருந்தால் ஆற்றல் உறிஞ்சல் போதாது. முழுமையான உறிஞ்சலில் 1/8 பங்காவது கேட்பார்கள். அடி இணைப்பில் சாதாரணக் கம்பிகளைக் குறுக்கே விடுங்கள். இணைப்பை ஒட்டிய நீளத்துக்கு டேப் சுற்றிக் கான்கிரீட்டில் ஒட்டாமல் செய்யாவிட்டால், நீட்சி முழுக்க ஒரே இடத்தில் குவிந்து கம்பி அறும். கம்பியை அளவுக்கு மீறிப் போட்டாலும் ஆபத்துதான், சுவர் சாய்ந்தபடியே நின்றுவிடும். அடி கிரவுட்டில் ஃபைபர் கலந்து, இரு ஓரங்களிலும் வளையக் கம்பியை நெருக்கமாகக் கட்டுங்கள். சுவர் வழுக்குகிறதா என்று அடியில் தனி சென்சார் அவசியம். அந்த வழுக்கலை மேல் நகர்விலிருந்து கழித்துத்தான் டிரிஃப்ட் கணக்கிட வேண்டும்.

பதில் 3:
உயரக் கட்டடம் என்பதால் ஒன்று. அடி இணைப்பு திறப்பது முதல் அதிர்வு முறையின் மொமெண்டைத்தான் (சுவரை வளைக்கும் திருப்பத்தைத்தான்) கட்டுப்படுத்தும். இரண்டாம், மூன்றாம் முறைகள் நடு உயரத்தில் பெரிய மொமெண்டைக் கொண்டுவரும். 2010 டிசம்பரில் ஜப்பானின் ஈ-டிஃபென்ஸ் நிலநடுக்கக் குலுக்கு மேடையில் இத்தகைய சுவர் வைத்துக் குலுக்கிய கட்டடம் நான்கே மாடி. அதை அப்படியே 30 மாடிக்கு நீட்ட முடியாது. உச்சியில் ஒரே ஆக்சுவேட்டர் (தள்ளுகருவி) தள்ளும் உங்கள் சோதனையிலும் இது தெரியாது. முழு உயர மாடலில் டைம் ஹிஸ்டரி (நிலநடுக்க அதிர்வை நொடிக்கு நொடி கொடுக்கும் கணினிக் கணக்கு) ஓட்டிப் பாருங்கள். நடுவில் மொமெண்ட் எகிறினால் அங்கும் ஒரு ராக்கிங் இணைப்பு வைக்கலாம்.