குளிரில் காலை நடை ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை, எப்படிப் பழக்குவது? (கோத்தகிரி)

கேள்வி – பனிமேடு:
சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடப்பது என்று தொடங்கினால், மார்கழிக் குளிரில் நான்கைந்து நாளில் நின்றுவிடுகிறது. எனக்கு மனவுறுதி குறைவா, முறை தவறா?

தேயிலைக்காரர்:
முறைதான் தவறுங்க. முக்கால் மணி நேரம் கடைசியில் வந்து சேர வேண்டிய அளவு. இப்போதைக்கு ஷூ மாட்டி, கேட் வரை போய்த் திரும்புங்கள், இரண்டே நிமிடம். உறைபனி விழுந்த காலையிலும் முடிகிற அளவாக இருந்தால்தான் தொடர்ச்சி அறுபடாது.

அலாரத்தை நம்ப வேண்டாம். தினமும் தவறாமல் செய்கிற வேலை ஒன்றோடு நடையைச் சேர்த்துவிடுங்கள்: டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் ஷூ. 'டீ குடித்த பிறகு' என்று பொதுவாக வைத்தால் பேப்பர், போன் என்று நழுவிவிடும். டம்ளரைக் கவிழ்ப்பது சட்டென்று முடிகிற செயல், அதில் இழுத்தடிக்க இடமில்லை. சாக்ஸ், ஸ்வெட்டர், குல்லா மூன்றும் இரவே ஷூ பக்கத்தில் இருக்கட்டும். காய்ந்த சாக்ஸைத் தேடுவதிலேயே நடை போய்விடும்.

மலைக்காற்று:
ஐந்து மணியை முதலில் விடுங்கள் சார். இருட்டிலும் மூடுபனியிலும் காட்டெருமையோ கரடியோ பக்கத்தில் வரும்வரை தெரியாது. நன்றாக விடியட்டும். மேட்டுப்பக்கம் முதலில் போங்கள், களைத்துத் திரும்பும்போது ஏற்றம் இருக்காது. இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்தால் முட்டி வலிக்காது. மழை நாளில் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: வீட்டுக்குள் இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே நடை. மழை கொட்டும்போது யோசித்தால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்றுதான் தோன்றும்.

பனிமேடு:
நன்றி. எப்போது கூட்டலாம்? ஒரு நாள் விட்டுப்போனால்?

தேயிலைக்காரர்:
ஒரு வாரம் சிரமமே தெரியாவிட்டால் ஐந்து நிமிடம், பிறகு பத்து. உற்சாகமான நாளில் அதிகம் நடக்கலாம், ஆனால் கட்டாய அளவை அதற்காக ஏற்ற வேண்டாம்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கும் நிலைக்கு வர சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். அதனால் '21 நாளில் பழகிவிடும்' என்ற பேச்சை நம்பிச் சோர்ந்துபோகாதீர்கள். ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்டத்தான் கூடாது, அந்தக் கால்வலி அடுத்த நாளையும் கெடுத்துவிடும்.

மலைக்காற்று:
சர்க்கரைக்காக என்றால் இன்னொன்று: இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கும். ஆனால் காலை நடை நிலைத்தபிறகு இதைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பிடித்தால் இரண்டும் போய்விடும்.