பெரிய அதிகாரிக்கு பி.ஏ. சீட்டில் உட்காரச் சொல்கிறார்கள், போகலாமா?

தண்டையார்பேட்டை ஸ்டெனோ:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 எழுதி ஸ்டெனோ டைப்பிஸ்டாக வந்தவள் நான். ராஜாஜி சாலைப் பக்கம் ஓர் அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். டைப்பிங், சுருக்கெழுத்து தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் கிரேடு முடித்திருக்கிறேன். இதுவரை செக்‌ஷனில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது எங்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் கேம்ப் கிளார்க் (அவருக்கு பி.ஏ. மாதிரி கூடவே இருக்கிறவர்) ரிட்டயர் ஆகிறார், அந்த இடத்துக்கு நீ போம்மா என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதிகாரி கறார், ராத்திரி எட்டு ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். எனக்குக் கைகால் உதறுகிறது, அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குள் ஒருத்தர் ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்கணும் என்று வந்து நிற்கிறார், இன்னொருத்தர் போர்டு வீடு ஒதுக்கீட்டுக்குச் சிபாரிசு கேட்கிறார். அந்த சீட்டில் உண்மையில் என்ன வேலை? வேண்டாம் என்று சொல்லலாமா?

பழைய கேம்ப் கிளார்க், ராயபுரம்:

பயப்படாதேம்மா. நான் அந்த மாதிரி சீட்டில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவன். முதலில் ஒன்று, கலெக்டர் ஆபீசில் நேர்முக உதவியாளர் (பொது) என்று ஒருவர் இருப்பார், அவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. உன் அம்மா தெருவில் அதை நினைத்துச் சொல்லியிருந்தால் இப்போதே திருத்திவிடு. நீ போகப்போவது அறைக்கு வெளியே இருக்கிற மேஜைக்கு. வாசலில் டவாலி (குறுக்குப் பட்டை) போட்டுக்கொண்டு அதிகாரியின் உதவியாளரான டபேதார் நிற்பார், அவருக்கு அடுத்தது நீ. அவரோடு சுமுகமாக இரு, யார் எந்த மூடில் வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வேலை என்னவென்றால், காலையில் தபால் வந்ததும் பிரித்து எது இன்றைக்கே அவர் கண்ணில் படவேண்டும் என்று முடிவு செய்வது. இதில்தான் ஆள் தேறுவதும் கவிழ்வதும். சட்டமன்றம் நடக்கும்போது எம்.எல்.ஏ. கேள்விக்கான பதில் எல்லாவற்றுக்கும் மேலே. அப்புறம் ஐகோர்ட் தேதி. அவமதிப்பு வழக்கு என்றால் அதிகாரி பெயரிலேயே நோட்டீஸ் வரும், கோட்டைவிட்டால் அவரே போய் நீதிபதி முன்னால் நிற்கவேண்டி வரும். அதற்குத் தனி டைரி போடு, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு முந்தைய நாளே போன் அடி. தகவல் உரிமை மனு வந்தால் பேடில் வைத்து ஊறப்போடாதே, அன்றைக்கே பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பு. பதில் சொல்ல 30 நாள்தான், வேறு துறைக்குரியது என்றால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பவேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, எந்தத் துறைக்குப் போனது என்று குறித்துக்கொள். மனு கொடுத்தவர் அடுத்த வாரம் உன் மேஜைக்குத்தான் வருவார். டூர் ப்ரோகிராம், டி.ஓ. கடிதம் (அதிகாரி தன் பெயரில் இன்னொரு அதிகாரிக்கு எழுதுவது), மினிட்ஸ் எல்லாம் பழகிவிடும்.

மழைக்காலம் வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். தண்ணீர் ஒரு பக்கம், எண்ணூரில் எண்ணெய் படலம் இன்னொரு பக்கம். எந்த அதிகாரியின் அறைக்கு வெளியேயும் போன் ஓயவில்லை. அந்த மாதிரி நாளில் யார் கூப்பிட்டார்கள், எந்த இடம், எத்தனை மணி என்ற மூன்றையும் எழுதி உள்ளே அனுப்பினால் போதும், வேறு எதுவும் யாரும் உன்னிடம் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இரு. 'அய்யா சொன்னாங்க' என்ற வார்த்தையை அய்யா சொல்லாத எதற்கும் பயன்படுத்தாதே. அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் மெமோவும் 17(பி)யும் (பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு) வாங்கினதை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காசு வாங்கினதுக்காக இல்லை. தெரிந்தவருக்காகக் கீழ் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டதுக்காக.

செக்‌ஷன் பட்சி:

பெரியவர் சொல்வது சரி, ஆனால் நான் போகாதே என்பேன். ஐ.ஏ.எஸ். டிரான்ஸ்பர் ஆர்டர் ராத்திரி வரும், புதுசாக வருகிறவர் தன் ஆளோடு வருவார், நீங்கள் செக்‌ஷனுக்குத் திரும்பினால் 'அவருடைய ஆள்' என்ற பட்டத்தோடுதான் உட்காரவேண்டும். அதற்குள் கூட இருந்தவர்கள் டிபார்ட்மென்ட் டெஸ்ட் எழுதி, கோப்பு எழுதப் பழகி, தன்பதிவேட்டை (தன்னிடம் வரும் தபால், கோப்புகளின் கணக்கு) தனியாகச் சமாளிக்கிற நிலைக்கு வந்திருப்பார்கள். போவதென்றால் அக்கவுன்ட் டெஸ்ட்டையாவது முடித்துவிட்டுப் போங்கள்.

டோல்கேட்காரி:

நானும் உன்னைப் போலத்தான், வேறு துறை. நேரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், முதல் வாரத்திலேயே இத்தனை மணிக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிவிடு, ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சலுகை கேட்பதாக நினைப்பார்கள். ராத்திரி மண்ணடியில் மெட்ரோ பிடித்தால் தண்டையார்பேட்டை வந்துவிடலாம், அந்த விதத்தில் விம்கோ நகர் லைன் வந்தது நமக்கு நல்லது. வீட்டில் வருகிறவர்களுக்கு இ-சேவை மையத்தைக் காட்டு, விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடு, அதற்கு மேல் ஒரு அடி வைக்காதே. அம்மாவிடமும் கண்டிப்பாகச் சொல். கோபித்துக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் பழகிவிடும் (எங்கள் அத்தை இன்னும் பழகவில்லை, அது வேறு).

தண்டையார்பேட்டை ஸ்டெனோ:

எல்லோருக்கும் நன்றி. போகலாம் என்றுதான் தோன்றுகிறது, அக்கவுன்ட் டெஸ்ட்டுக்கும் விண்ணப்பித்துவிடுவேன். ஐயா, இன்னும் இரண்டு சந்தேகம். அதிகாரி வாயால் சொல்வதைத்தானே கீழே சொல்லவேண்டி வரும், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்றால்? அப்புறம், இ-ஆபீஸ் (கணினிக் கோப்பு முறை) டோக்கனும், அதாவது அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிற பென்டிரைவ் மாதிரியானது, அதன் பாஸ்வேர்டும் இப்போது இருக்கிற கேம்ப் கிளார்க்கிடம்தான் இருக்கிறது, அதிகாரி 'ஓகே பண்ணிடு' என்றால் இவரே செருகி அப்ரூவல் போட்டுவிடுகிறார். அதையும் என்னிடம் ஒப்படைப்பார்கள் போல.

பழைய கேம்ப் கிளார்க், ராயபுரம்:

முதல் கேள்விக்கு, ஒரு நோட்டு போடு. தேதி, மணி, என்ன சொன்னார், யாரிடம் சொன்னேன். சாதாரண விஷயத்துக்கு அது போதும். ஒருத்தர் வீட்டை இடிப்பது, பணத்தை விடுவிப்பது, யாரையாவது இடம் மாற்றுவது மாதிரி என்றால் 'தொலைபேசியில் தெரிவித்தபடி' என்று ஒரு வரி அடித்து மறுநாள் காலை பேடில் முதல் காகிதமாக வை, சுருக்கொப்பம் வாங்கிக்கொள். நல்ல அதிகாரி யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அது பாதுகாப்புதானே.

டோக்கனை வாங்காதே. எங்கள் காலத்தில் பச்சை இங்க் பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. விசாரணை என்று வந்தால் கோப்பில் அவர் பெயர் இருக்கும், எத்தனை மணிக்கு எந்தக் கணினியில் என்பதும் இருக்கும், அந்த நேரத்தில் அவர் மீட்டிங்கில் இருந்ததற்கு டூர் டைரி இருக்கும், அதை எழுதியதும் நீதான். சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடு: சார், கோப்பை எல்லாம் படித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி குறிப்பு எடுத்து வைக்கிறேன், சாயங்காலம் அரைமணி கொடுங்கள், நீங்களே போட்டுவிடலாம். முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மாட்டேன் என்றால் மேலாளரிடம் போய் எனக்கு செக்‌ஷனே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு.