'டிக்' = தடுப்பு? ஏந்தல்? எடுப்பு?

நம் கைப்பந்து (வாலிபால்) பயிற்சிக் கையேட்டு வரைவில் 'டிக்' (dig) வரும் இடமெல்லாம் 'தடுப்பு' என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். கைப்பந்தில் தடுப்பு என்றாலே வலையோரம் எம்பிக் கைநீட்டும் 'பிளாக்'தான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவதோ, எதிரணி ஓங்கி அடித்த பந்து தரையைத் தொடுமுன் அதை மேலே எழுப்பிவிடுவது. சர்வீஸ் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. சர்வீஸ் எதிர்க் களத்தின் கடைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து வருவதால் கால் நகர்த்த நேரம் கிடைக்கும். அடியோ வலையோரத்திலிருந்தே பாய்ந்து வரும்.

'ஏந்தல்' காதுக்கு இனிமைதான். ஆனால் ஏந்தினால் பந்து கையில் தங்கும். தங்கினால் விதிப்படி பிழை.

என் பரிந்துரை 'எடுப்பு'. "எடு, எடு!" என்றுதானே களத்தில் கத்துகிறோம்? எடுப்பாளர், எடுப்புப் பயிற்சி எல்லாம் தடையின்றி வருகின்றன. 'ஏந்து' வீணாக வேண்டாம்: சேர்த்து நீட்டிய இரு முன்கைகளின் பரப்பை 'ஏந்துதளம்' எனலாம். வரைவின் பயிற்சி ஒன்றில் பொருத்திப் பார்த்தேன்:

"எடுப்பாளர் மூவர் பின்வரிசையில். அடிப்பவர் வலைக்கு மறுபுறம், முழங்கால் உயர மேடைமேல் நின்று, பந்தைத் தானே தூக்கிப்போட்டு அடிக்கிறார். அவர் கை பந்தில் படும் நொடியில் எடுப்பாளரின் ஓட்டம் நின்றிருக்க வேண்டும், எடை முன்பாதத்தில். வேகமான அடிக்கு ஏந்துதளத்தை வீசாமல் சற்றே பின்வாங்கிக் கொடுக்கவும். வீசினால் பந்து வலை தாண்டி எதிரணிக்கே போய்விடும். இலக்கு, வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள கோட்டருகே நடுவில், வலைக்கு மேலான உயரம். செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கித்தருபவர்) ஓடாமல் தூக்கித்தர முடிந்தால் 2 புள்ளி, பந்து ஆட்டத்தில் தங்கினால் 1. மூவரும் சேர்ந்து 15 புள்ளி சேர்த்ததும் அடுத்த மூவர்."

எங்கும் இடறவில்லை.

மறுமொழி:

'எடுப்பு'க்கு என் வாக்கு. 'எடுப்பான தோற்றம்' என்ற பொருளோடு குழம்பும் என்ற அச்சம் வேண்டாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

அடிப்பவரைப் பார்த்து இடம் பிடிக்கும் 'ரீடிங்'குக்கு வரைவில் உள்ள 'முன்கணிப்பு' எனக்கு உறுத்துகிறது. கணித்துவிட்டு முந்தி ஓடுபவர்தான் அடி விழும்போது கால் ஊன்றாமல் மாட்டிக்கொள்கிறார். இதற்கு 'குறிப்பறிதல்' இருக்கிறதே! குறளில் 71, 110 இரண்டு அதிகாரங்களுக்கும் அதுவே தலைப்பு. செட் (செட்டர் தூக்கித்தந்த பந்து) வலையை விட்டு விலகியிருந்தால் அடி ஆழமாக வரும், பின்னே நில். கை வேகம் திடீரெனக் குறைந்தால் தட்டிப்போடப் போகிறார், முன்னே வா. இவையெல்லாம் குறிப்புகள்தானே.

சொல் மாறினால் பயிற்சியும் மாற வேண்டும். பயிற்றுநர் நம் பக்கமே நின்று, 4 மீட்டரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தள்ளும் பக்கம் வரைவில் இருக்கிறது. அங்கே செட் இல்லை, ஓடிவருபவர் இல்லை, வலையும் குறுக்கே இல்லை. அறிய ஒரு குறிப்பும் கிடையாது. கை பழகும், கண் பழகாது. மேடை அடியை ஏந்துதளம் நிலைப்படும்வரை வைத்துக்கொண்டு, பிறகு செட்டரையும் ஓடிவந்து அடிப்பவரையும் சேர்க்கும்படி அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதலாம்.