மாப்பசானோட நெக்லஸ் கதை: உங்களை இன்னும் விடாத இடம் எது?

நந்தியாவட்டை

ஃபிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானோட இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: லுவாஸெல்னு ஒரு குமாஸ்தா, அவன் பொண்டாட்டி மத்தில்ட் மந்திரி குடுக்குற பார்ட்டிக்குப் பணக்கார சிநேகிதி ஃபொரெஸ்தியேகிட்ட வைர நெக்லஸ் இரவல் வாங்கிப் போட்டுட்டுப் போய்த் தொலைச்சுடுறா. கடன் வாங்கி அதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு பத்து வருஷம் உழைச்சு அடைக்கிறாங்க, கடைசியில அந்த இரவல் நகை போலின்னு தெரியுது. இனி நேரா விஷயத்துக்கு வர்றேன். தங்கச்சி பொண்ணு பத்தாங்கிளாஸ் சிபிஎஸ்இ, இங்கிலீஷ் துணைப்பாடத்துல நெக்லஸ் இருக்கு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவளுக்கு வாசிச்சுக் காட்டிட்டு இருந்தேன். முடிவு எனக்கு முன்னாடியே தெரியும், அது ஒண்ணும் பண்ணல. பிடிச்சு நிறுத்தினது பார்ட்டி முடிஞ்சு கிளம்புற இடம். விடியக்காலை நாலு மணி. புருஷன் தினப்படி போட்டுக்கிற சாதாரண சால்வையை எடுத்து மத்தில்ட் தோள்ல போடுறான். சுத்தி மத்த பொம்பளைங்க எல்லாம் ஃபர் கோட் மாட்டிட்டு இருக்காங்க. அவங்க கண்ணுல இந்தச் சால்வை பட்டுடக் கூடாதுன்னு இவ படியிறங்கி ஓடுறா, இரு வெளியில குளிரு நான் வண்டி கூட்டிட்டு வர்றேன்னு அவன் சொல்றது காதுலயே விழல.

பொண்ணு கேட்டா, "பெரியம்மா, அவ ஏன் ஓடுறா? அன்னைக்கு அங்க இருந்தவங்கள்லயே அவதானே அழகு?"

எனக்குப் பதில் வரல. நிஜம்தானே, மந்திரியே அவளைக் கவனிச்சார்னு எழுதியிருக்கு, எல்லாரும் அவகூட ஆடணும்னு நின்னாங்க, வாழ்க்கை பூரா என்ன கேட்டாளோ அது மொத்தமும் அந்த ஒரு ராத்திரி கிடைச்சுது, கிடைச்ச அஞ்சாவது நிமிஷம் ஒரு சால்வை வந்து அத்தனையையும் தட்டி விட்டுடுச்சு. நோட்ஸ்ல பேராசைன்னு போட்டிருக்கு. எனக்கு அப்படித் தோணல. பேராசைக்காரிக்கு இன்னும் வேணும்னு இருக்கும். இவளுக்கு இருந்தது, இருக்கிறதை யாரும் பார்த்துடக் கூடாதுங்கிற பயம். உங்களுக்கு இப்படி மனசுலயே நிக்கிற இடம் எது, எழுதுங்க.

தாள்திருத்தி

பேராசை இல்லைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். நானூறு ஃபிராங்க்ல டிரெஸ் தைச்சாச்சு. அப்புறம் நகை இல்லைன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்குறா. ரோஜாப்பூ வெச்சுக்கோ, பத்து ஃபிராங்க்ல ரெண்டு மூணு நல்ல பூவா கிடைக்கும்னு புருஷன் சொன்னா, பணக்காரிங்க நடுவுல ஏழையா தெரியுற மாதிரி அவமானம் வேற இல்லைங்குறா. சரி, ஃபொரெஸ்தியே வீட்டுக்குப் போனா? வளையல் காட்டுறாங்க, முத்துமாலை காட்டுறாங்க, கல் பதிச்ச தங்கச் சிலுவை வெனிஸ் வேலைப்பாடு அதையும் காட்டுறாங்க, எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டு வேற ஒண்ணும் இல்லையான்னு கேக்குறா. இதுக்குப் பேரு என்ன?

நான் இதை வருஷா வருஷம் கிளாஸ்ல நடத்துறவன். என்னை விடாத இடம் ஒரு பையன் கேட்ட கேள்வி. பின் பெஞ்ச், வாயே திறக்க மாட்டான். மாரல் எல்லாம் போர்டுல எழுதி முடிச்சிட்டேன், எழுந்து நின்னான், "சார், கடன் அடைஞ்சதுக்கு அப்புறமாவது அவர் அந்தத் துப்பாக்கியை வாங்கினாரா?"

ஞாபகம் இருக்குல்ல, அந்த நானூறு ஃபிராங்க் அவன் துப்பாக்கி வாங்க ஒதுக்கி வெச்சிருந்தது. வர்ற கோடையில ஞாயித்துக்கிழமை சிநேகிதங்களோட நான்தேர் பக்கம் போய் வானம்பாடி சுடணும்னு ஆசை. அவ நானூறுன்னு சொன்னதும் முகம் கொஞ்சம் வெளுத்துதுன்னு ஒரு வரி, அதோட அந்த ஆசை செத்துப்போச்சு, மாப்பசான் அதை மறுபடி தொடவே இல்ல. கடைசி காட்சியில பாருங்க, ஷான்ஸ் எலிஸே வீதியில அவ தனியா நடக்குறா, அவன் இல்லவே இல்ல. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுட்டு இருக்கேன்.

முத்துச்சிப்பி

சார் நீங்க லுவாஸெலை ஒரேயடியா பாவம் ஆக்குறீங்க. அந்த இன்விடேஷனை வாங்க அலைஞ்சது யாரு? அது கிடைக்குறது ரொம்பக் கஷ்டம், குமாஸ்தாக்களுக்கு நிறைய குடுக்குறதில்ல, பெரிய ஆபீசர்ங்க எல்லாரையும் அங்க பார்க்கலாம்னு பெருமையா சொல்றது அவன்தானே. அதை விடுங்க, நகை தொலைஞ்சதும் கொக்கி உடைஞ்சிருச்சு ரிப்பேருக்குக் குடுத்திருக்கோம்னு சிநேகிதிக்கு எழுதச் சொன்னது அவன். அவன் சொல்லச் சொல்ல அவ எழுதினா. உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அது ஏன் எல்லா நோட்ஸ்லயும் பொம்பளையோட ஆசை மட்டும்தான் குத்தமா வருது? அவளுக்கு வரதட்சணை குடுக்க வழியில்ல, அதனாலதான் ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டிக் குடுத்தாங்கன்னு கதை முதல் பத்தியிலயே இருக்கு, அதை யாரும் போர்டுல எழுதுறதில்ல.

என் இடம் இது. பாண்டிச்சேரியில சாயங்கால ஃபிரெஞ்சு கிளாஸ், ஆளுக்கொரு பத்தியா வாசிச்சுட்டு வர்றோம், எனக்கு வந்தது நகையைத் திருப்பிக் குடுக்குற பத்தி. ஃபொரெஸ்தியே கொஞ்சம் கடுப்பா, சீக்கிரமே கொண்டு வந்திருக்கலாமே எனக்குத் தேவைப்பட்டிருக்கும்னு சொல்லிட்டு பெட்டியை வாங்கிக்குறா. திறந்து பார்க்கல. மத்தில்ட் பயந்ததே அதுக்குத்தான், பார்த்தா திருடின்னு நெனச்சுப்பாளோன்னு. நான் வாசிக்கும்போது அந்த இடத்துல நின்னுட்டேன், அடுத்த வரிக்குப் போக முடியல. ஏன்னா முப்பத்தாறாயிரம் ஃபிராங்க் நகை அது, ஒருத்தி வாழ்க்கையை எழுதி வாங்கிட்டு அந்த அலமாரிக்குள்ள போகுது, வாங்குறவளுக்குத் தெரியவும் தெரியாது. அதோட அவ இரவல் குடுக்கும்போதே இது கில்ட்டுதான்டி, அதிகபட்சம் ஐநூறு ஃபிராங்க்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல? பணக்காரிக்கும் மறைக்க ஒண்ணு இருந்திருக்கு. அங்க யாருமே இருக்கிறதை இருக்கிறபடி காட்டல. நந்தியாவட்டை சொன்ன பயம் ஒருத்தியோட பயம் இல்ல, அந்த ஊரோட பயம்.

கணக்குப்புள்ள

ரிடையர் ஆகுற வரைக்கும் பேங்க்ல நகைக்கடன் கவுன்டர்ல இருந்தேன். ஒரு அம்மா தாலிக்கொடி மாதிரி கனமான ஒரு செயின் கொண்டு வந்தாங்க, மகன் காலேஜ் ஃபீஸ்க்கு. அக்கா குடுத்தது, அடகு வெச்சுட்டு மீட்டுக் குடுத்துருவேன்னாங்க. அப்ரைசர் உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்து ஆசிட் விட்டார், கோடு கரைஞ்சு போச்சு. கவரிங். அந்த அம்மா அழல, கோபப்படல, "எங்கக்கா இத்தனை வருஷம் இதையா போட்டுட்டு இருந்தா"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம்தான் இந்தக் கதையைப் படிச்சேன், கடைசி வரியில அந்த அம்மா முகம்தான் தெரிஞ்சுது.

கணக்கு ஒண்ணு போட்டேன், சொல்லிடுறேன். பாலே ருவயால் கடையில நாற்பதாயிரம் சொன்னதை முப்பத்தாறாயிரத்துக்குப் பேசி முடிக்குறாங்க. அப்பா விட்டுட்டுப் போனது பதினெட்டாயிரம், மீதி பதினெட்டாயிரம் கடன், ஒருத்தர்கிட்ட ஆயிரம், இன்னொருத்தர்கிட்ட ஐநூறு, அங்க அஞ்சு லூயி (தங்கக் காசு) இங்க மூணு லூயின்னு. ராத்திரி பக்கத்துக்கு அஞ்சு சூ கூலிக்கு நகல் எழுதுறான். இருபது சூ ஒரு ஃபிராங்க், அப்போ நாலு பக்கம் எழுதினாத்தான் ஒரு ஃபிராங்க். பதினெட்டாயிரத்தை அதுல மட்டும் அடைக்கணும்னா 72,000 பக்கம். பத்து வருஷத்துக்குப் பிரிச்சா ராத்திரிக்கு இருபது பக்கம். வட்டியை நான் சேர்க்கவே இல்ல.

இங்க படிக்குறவங்க ஒண்ணு கவனிச்சுக்கோங்க. கல்யாணம் காதுகுத்துன்னு நகை இரவல் வாங்கவே வாங்காதீங்க, அப்படியே வாங்கினாலும் குடுக்குறவங்க முன்னாடியே எடை போட்டு கொக்கி தெரியுற மாதிரி முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, சங்கடமா இருக்கேன்னு பார்க்காதீங்க. தங்கமா இருந்தா இப்ப ஹால்மார்க்கோட எச்யுஐடின்னு ஆறு இலக்க அடையாள எண் இருக்கும், எழுத்தும் நம்பரும் கலந்து, அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா நகை என்ன, சுத்தம் எவ்வளவுன்னு வந்துரும். பழைய நகையில அது இருக்காது, அதுக்கு அப்ரைசர்தான். இன்னொண்ணு, ஹால்மார்க் உலோகத்துக்கு மட்டும்தான், பதிச்சிருக்கிற கல்லுக்கு அது பேசாது, வைரம்னா லேப் சர்டிஃபிகேட் தனியா கேளுங்க. திருப்பிக் குடுக்கும்போது பெட்டியோட குடுத்துட்டு வந்துராதீங்க, திறந்து காட்டி, கொக்கி போட்டுக் கழட்டிக் காட்டி, சரியா இருக்குன்னு அவங்க வாயால சொல்ல வெச்சுட்டு வாங்க. குடுக்குறவங்களும் கவரிங்னா கவரிங்னு சொல்லிக் குடுங்க. தொலைஞ்சா உடனே சொல்லிடுங்க, ஒரு நாள் தள்ளினா தள்ளின ஒவ்வொரு நாளும் சொல்றது இன்னும் கஷ்டமாகும். கடன் வாங்கித்தான் ஈடு கட்டணும்னா நாலு பேர்கிட்ட நாலு வட்டிக்கு வாங்காம ஒரே இடத்துல வாங்குங்க.

வடலி

கணக்குப்புள்ள அண்ணை, உங்கட அறிவுரை நல்லதுதான், ஆனா இதை ஆரும் கேக்கேல்ல. கதைக்கு வாறன்.

நான் பாரிஸில, லா சப்பலுக்குக் கிட்ட. ஊரில இந்தக் கதையைப் படிக்கேக்க எனக்கு ஒண்டும் ஒட்டேல்ல. இஞ்ச வந்த புதுசில ஆறாம் மாடியில கூரைக்குக் கீழ ஒரு அறை, லிஃப்ட் கிடையாது. முந்திக் காலத்தில வேலைக்காரப் பெட்டையள் படுக்கக் கட்டின அறையள், இப்பவும் வாடகைக்கு விடுகினம், ஒன்பது சதுர மீட்டர் இருந்தால் சட்டத்துக்குக் காணும். ஒருநாள் தண்ணிப் போத்தல் கட்டும் அரிசிப் பையுமாத் தூக்கிக்கொண்டு ஏறேக்க நாலாம் மாடியில மூச்சு முட்டி நிண்டன். அந்த இடத்திலதான் மத்தில்ட் ஞாபகம் வந்தவ. தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு மூச்செடுப்பா எண்டு எழுதியிருக்கு. வேலைக்காரியை நிப்பாட்டிப்போட்டு, வீட்டை மாத்திக் கூரைக்குக் கீழ குடிபோய், சட்டி பானை கழுவி, உடுப்புத் தோச்சு, கடையில ஒவ்வொரு சூவுக்கும் சண்டை பிடிச்சு.

அதுக்கு முதல் அவையள் இருந்தது ரூ தெ மார்த்திர். அது நொத்ர் டாம் தெ லொரெத் கோயிலடியில தொடங்கி மொம்மார்த் பக்கம் ஏறிப் போற தெரு, இப்ப பாண் கடை, சீஸ் கடை எண்டு நல்ல விலையான இடம். அவ வெறுத்த வீடு அங்கதான். சுவர் வடிவில்லை, கதிரை தேஞ்சு போச்சு எண்டு குமுறினவ. எனக்கு அந்தத் தெருவால நடக்கேக்க எல்லாம் அந்த நினைப்பு வரும், அவவுக்கு அண்டைக்குக் காணாமல் இருந்தது பிறகு அவ திரும்பிப் போக ஏலாத வீடாப் போச்சு எண்டு.

ஆனா என்னைப் போட்டு வதைக்கிறது வேற வரி. அத்தனை கஷ்டத்துக்குள்ளயும், மனுசன் கந்தோரில இருக்கிற நேரம், அவ சில வேளை ஜன்னலடியில இருந்து அந்த ஒரு இரவை நினைச்சுப் பார்ப்பா எண்டு இருக்கு. தான் அவ்வளவு வடிவா இருந்த அந்த நடன இரவை. அவவுக்கு அதில கோபம் வரேல்ல பாருங்கோ. தாள்திருத்தி சேர், பேராசைக்குத் தண்டனை எண்டு படிப்பிக்கிறியள், தண்டனை கிடைச்சவ ஏன் அந்த இரவை இன்னும் ஆசையா நினைக்கிறா?

கூழாங்கல்

நெக்லஸ் பத்தி மட்டும் பேசிட்டு இருக்கோம், இதுக்கு முந்தின வருஷம் 1883-ல மாப்பசானே இதைத் தலைகீழா எழுதியிருக்கார், நகைகள்னு பேரு. லாந்தேன், உள்துறை அமைச்சகத்துல குமாஸ்தா, வருஷச் சம்பளம் 3,500 ஃபிராங்க். கணக்குப்புள்ள சார் இதையும் குறிச்சுக்கோங்க, லுவாஸெல் வாங்கின நகை இந்த மாதிரி ஆளோட பத்து வருஷச் சம்பளத்துக்கும் மேல. லாந்தேன் பொண்டாட்டிக்குப் போலி நகைன்னா உயிர், அவ செத்ததும் பசிக்கு விக்கக் கொண்டு போனா அத்தனையும் அசல். யாரு குடுத்ததுன்னு அவனுக்குப் புரியுது. புரிஞ்சும் 1,96,000 ஃபிராங்க்கு வித்துட்டு, ஆபீஸ்ல மூணு லட்சம்னு சொல்றான், சாயங்காலம் ஹோட்டல்ல பக்கத்துல இருந்தவர்கிட்ட நாலு லட்சம்னு சொல்றான். அந்தத் தொகை ஏறுதுல்ல, அந்த இடத்துல எனக்கு உடம்பு கூசிடுச்சு. மாப்பசானே கடற்படை அமைச்சகத்துலயும் கல்வி அமைச்சகத்துலயும் குமாஸ்தாவா உக்கார்ந்தவர், இந்த ஆளுங்களை அவருக்கு நல்லாவே தெரியும்.

ஆனா நான் எழுத வந்தது அவரோட இன்னொரு கதை, கிராமத்துக் கதை, 1882-ல வந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டு ரெண்டு ஏழைக் குடும்பம், துவாஷும் வல்லேனும். பிள்ளையில்லாத பணக்காரி வந்து துவாஷ் வீட்டுப் பையன் ஷார்லோவைத் தத்துக் கேக்குறா, மாசம் நூறு ஃபிராங்க் தர்றேங்குறா. பிள்ளையை விக்கச் சொல்றியான்னு அம்மாக்காரி விரட்டிடுறா. வல்லேன் வீட்டுல நூத்திருபதுக்குப் பேசி ழானைக் குடுத்துடுறாங்க. வருஷக்கணக்கா துவாஷம்மா வாசல்ல நின்னு நான் பிள்ளையை வித்தவ இல்லன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டே இருக்கா. இருபத்தோரு வயசுல ழான் வண்டியில வந்து இறங்குறான், துரை மாதிரி. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல ஷார்லோ அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்றான், என்னை ஏன் குடுக்கல, அவன் இடத்துல நான் இருந்திருப்பேன்னு. அம்மாக்காரி சூப்பைக் குடிச்சுட்டே அழறா. அவன் கிளம்பிப் போயிடுறான்.

இதை ஃபோன்ல எங்கம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு ஷார்லோ மேல வந்த கோபம் சொல்லி மாளாது, பெத்தவ நூறு ஃபிராங்க் வேணாம்னு சொன்னதுக்கு இதுவா கூலின்னு என்கிட்டயே சண்டை. அப்புறம் சத்தமே இல்ல, லைன் கட் ஆயிடுச்சோன்னு நெனச்சேன். "உன்னை அப்ப உங்க மாமா துபாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு, நான்தான் விடல, தெரியுமா"ன்னாங்க. எனக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்.

தாள்திருத்தி

கூழாங்கல், அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு எழுதவே இல்லையே. நான் ஷார்லோ பக்கம் நிக்க மாட்டேன், ஆனா அவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் குடுத்தது துவாஷம்மாதான், தினம் வாசல்ல நின்னு அவனோட விலையை அவனுக்கே ஞாபகப்படுத்தினா, அவன் ஒரு நாள் கூட்டிப் பார்த்துட்டான். வடலி கேட்டதுக்கு வர்றேன். தண்டனைன்னு நான் நடத்துறது சிலபஸ்ல கேள்வி அப்படி வர்றதால. அந்த ஜன்னல் வரி பாடத்துல இருக்கான்னு நாளைக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்குறேன், இருந்தா இந்த வருஷம் அதையே கேள்வியா குடுக்குறேன், பசங்க என்ன எழுதுறாங்கன்னு இங்கயே போடுறேன். முத்துச்சிப்பி, கொக்கி உடைஞ்சதுன்னு எழுதச் சொன்னது அவன்தான், அதுல நீங்க சொல்றது சரி. ஆனா துப்பாக்கி விஷயத்துல நான் மாற மாட்டேன்.