சாத்பாராவில் பேர் இருக்கு, ஆனா எந்தப் பத்தியில?

தாராவி 90 அடி ரோடு
யவத்மாலிலிருந்து மும்பை ஆசாத் மைதான தர்ணாவுக்கு வந்த அம்மா. புருஷன் கடனால் தற்கொலை செய்துகொண்டவர். பாலித்தீன் பையிலிருந்து சாத்பாராவை, அதாவது மகாராஷ்டிராவின் 7/12 நிலப் பதிவேட்டு நகலை எடுத்து, "என் பேர் ஏறிடுச்சு" என்று மராத்தியில் சொல்லி ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். வாசிக்கத் தெரியாது, தலாட்டி (கிராம வருவாய் அதிகாரி) காட்டின இடமாம். விரல் இருந்தது 'இதர் ஹக்', அதாவது பிற உரிமைகள் பத்தியில். கப்ஜேதார், அதாவது நிலத்தை வைத்திருப்பவர் என்ற இடத்தில் கொழுந்தன் பேர் மட்டும். பயிர்க்கடன், காப்பீடு, மழை நிவாரணம் எல்லாம் கப்ஜேதாரைப் பார்த்துத்தான் வரும். இத்தனையும் கேட்ட பிறகும் அந்த அம்மா விரலை எடுக்கவே இல்லை.

சயான் கோலிவாடா
மேலே எழுதினவருக்கு: நிலம் புருஷன் பேரில் இருந்திருந்தால் கொழுந்தன் உள்ளே வரவே முடியாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகள், புருஷனின் தாய் இவர்கள்தான் முதல் வகுப்பு, ஆளுக்குச் சம பங்கு. நாலு ஏக்கர், ரெண்டு பிள்ளை, மாமியார் என்றால் அவளுக்கு ஒரு ஏக்கர். சகோதரன் ரெண்டாம் வகுப்பு. அதனால் அந்த நிலம் மாமனார் பேரில் இருந்திருக்கணும், இல்லையென்றால் கொழுந்தன் பேருக்குப் பின்னால் 'ஏ.கு.மே.' என்று மூணு எழுத்து இருந்திருக்கும். ஏகத்ர குடும்ப மேனேஜர். குடும்பத்துக்காகப் பார்த்துக்கொள்கிறவர், அவ்வளவுதான், சொந்தக்காரர் இல்லை. அதைப் பார்த்தீங்களா?

மாமனார் புருஷனுக்குப் பிறகு இறந்திருந்தாலும், முன்னாடியே போன மகனின் பங்கு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வரும். அதனால் ரெண்டு பேரின் மரணச் சான்றிதழும் வேணும், தேதி முக்கியம். மறுமணம் செய்தால் பங்கு போயிடும் என்று ஊரில் மிரட்டுவார்கள். விதவை மருமகளை அப்படித் தடுத்த 24ஆம் பிரிவு 2005லேயே நீக்கப்பட்டுவிட்டது.

தாராவி 90 அடி ரோடு
ஏ.கு.மே. இல்லை. மாமனார் நிலம்தான். அதனால்தான் தற்கொலை செய்த விவசாயி குடும்பத்துக்கு அரசு கொடுக்கிற 1 லட்சம் நிவாரணமும் நிராகரிக்கப்பட்டது. இறந்தவர் பேரில் நிலமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை, வாங்கினது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம். அப்படியென்றால் கணக்கில் அவர் விவசாயியே இல்லை.

முலுண்ட் செக்நாக்கா
2018 மார்ச் 11, நாசிக்கிலிருந்து நடந்து வந்த விவசாயிகள் பேரணி மும்பை சோமையா மைதானத்தில் தங்கின ராத்திரி. பாதம் பூரா கொப்புளம் வெடித்த ஒரு ஆதிவாசிக் கிழவி. மருந்து போடக் காலைத் தொட்டால், மடியிலிருந்து வனப் பட்டாவை எடுத்து நீட்டி, "முதல்ல இதை வாசி" என்றாள். புருஷன் பேர் மட்டும் இருந்தது. வன உரிமைச் சட்டம் 4(4) ரெண்டு பேர் பேரிலும் கொடுக்கச் சொல்கிறது.

செம்பூர் கேம்ப்
நிலமே இல்லாதவங்களையும் சொல்லுங்க. பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டுக்காரி ஒருத்தி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு கொய்தா, அதாவது ஒரு அரிவாள், ஒரே கணக்கு. முகாதம், அதாவது ஆள் பிடிக்கிற மேஸ்திரி கொடுக்கிற உசல் முன்பணம் புருஷன் கையில். ஒரு நாள் படுத்தால் காடா, அதாவது அபராதம், ஜோடிக்கே விழும். "அரை கொய்தாவுக்குத் தனிப் பேர் உண்டா?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்
எல்லாரும் முடிந்து போனதைப் பேசுறீங்க. தடுக்கிற இடம், வாரிசு பேர் ஏறுவதற்கு முன்னாடி ஆட்சேபத்துக்கு விடுகிற 15 நாள்தான். வர்தாவில் ஒரு பெண், பதினோராம் நாள் வெற்று முத்திரைத்தாளில் ரேகை வைத்துவிட்டாள். என் அனுபவம் அவ்வளவே. இனிமேல் போகிறவர்களுக்கு:

சாவு நடந்து மூணு மாசத்துக்குள் தலாட்டியிடம் வாரிஸ் மனு. மரணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லார் பேரும் போட்ட உறுதிமொழி, ஆதார், ரேஷன் கார்டு, 8-அ என்ற நிலக் கணக்கு நகல். கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் நகராதீங்க, பிறகு மனுவே வரவில்லை என்பார்கள். தலாட்டி பேர்பார் (பெயர் மாற்ற) புத்தகத்தில் எழுதி நோட்டீஸ் விடுவார், ஆட்சேபத்துக்கு 15 நாள், அப்புறம் மண்டல் அதிகாரி உறுதி செய்வார். இந்த இடைவெளியில்தான் ஹக்கசோட் தாள், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் வரும். பதிவு செய்யாத ஹக்கசோட் செல்லாது. அதனால்தான் "லோனுக்குக் கையெழுத்து" என்று சொல்லி நேராகப் பதிவு அலுவலகத்துக்கே கூட்டிப்போகிறார்கள். தாளின் மேல் தலைப்பை ஒருத்தர் சத்தமாக வாசிக்காமல் ரேகை வைக்கக் கூடாது என்று சங்கத்தில் பழக்கிவிடுங்க.

பேர் ஏறினதும் டிஜிட்டல் சாத்பாரா எடுங்க, 15 ரூபாய். மனுவில் 'கப்ஜேதார் சதரி' (கப்ஜேதார் பத்தியில்) என்ற சொல் இருக்கணும், வெறும் "பேர் சேர்க்க" என்று எழுதினால் இதர் ஹக்கில் தள்ளிவிடுவார்கள். தவறாக ஏறினால் பிராந்த் அதிகாரியிடம் (வருவாய்க் கோட்ட அதிகாரி) 60 நாளுக்குள் மேல்முறையீடு. கிராம சபைக்கு முன்னாடி மகளிர் சபை கூட்டணும் என்று சட்டமே சொல்கிறது. விடுபட்ட பேர்களை அங்கே தீர்மானமாகப் போட்டால், தலாட்டி ஒருத்தியிடம் அல்ல, ஊர்ப் பெண்கள் எல்லாரிடமும் பதில் சொல்ல வேண்டி வரும்.

சயான் கோலிவாடா
60 நாள் தாண்டிய யவத்மால் அம்மாவுக்கு வழி சொல்லுங்க. தாமத மன்னிப்பு மனு சேர்த்துப் போடலாம், உத்தரவு தெரியவந்த தேதியை நிரூபிக்கணும். தாராவிக்காரரே, அந்த தர்ணா தேதி ஞாபகம் இருக்கா?