கோமாரி ஊசிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதா, வேண்டாமா?

மன்னார்குடி கொட்டகை:
வருகிற வியாழக்கிழமை எங்கள் ஊரில் கோமாரி, அதாவது மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வரும் காணை நோய்க்கு, தடுப்பூசி முகாம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மாடுகளைக் கொண்டுபோவதாக இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். போன சுற்றில் எட்டு மாதச் சினையாக இருந்த கலப்பினப் பசுவுக்கும் சேர்த்துப் போட்டார்கள். சினை என்று நான் சொன்னேன், போட வந்தவர் காதில் வாங்கவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில் குறைமாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. முழு மயிரும் முளைத்திருந்த கன்று. இன்னொரு மாடு காலையில் ஏழு லிட்டர் கறந்தது, நாலரைக்கு இறங்கி, பழைய அளவுக்கு வர ஒரு வாரம் ஆனது. நோய் வராமலேயே எனக்கு இவ்வளவு நஷ்டம். நோய் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டாற்றங்கரை:
அண்ணே, கன்று போனதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் வந்தது. ஒரு முறை ஊசியைத் தவறவிட்டிருந்தோம். மாடு தவிட்டுத் தண்ணீரில் வாயை வைக்கும், குடிக்காமல் எடுத்துவிடும். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரைவரைக்கும் தொங்கியது. மூன்றாம் நாள் ஒரு காலைத் தூக்கி உதறிக்கொண்டே நின்றது. பார்த்தால் குளம்புப் பிளவில் தோல் கிழிந்து சிவந்திருந்தது. தாய் மாடு பிழைத்துக்கொண்டது. பதினைந்து நாள் கன்று பிழைக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் துள்ளிக்கொண்டு திரிந்தது, மறுநாள் பால் ஊட்டும்போதே முன்னங்கால் மடங்கிச் சரிந்துவிட்டது. வாயில் ஒரு புண்கூட இல்லை. இளங்கன்றுகளுக்குக் கிருமி நேராக இதயத்தில் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்தத் தாய் மாடு இன்றைக்கும் பத்து மணி வெயிலுக்கே மூச்சு வாங்குகிறது. ஒழுங்காகப் பருவத்துக்கு வருவதில்லை. நஷ்டக் கணக்கை என்னிடம் கேளுங்கள் அண்ணே.

உம்பளச்சேரி காளை:
நான் மன்னார்குடிக்காரர் பக்கம். எங்கள் தாத்தா வைத்திருந்த உம்பளச்சேரி நாட்டு மாடுகள் ஊசியே பார்த்ததில்லை. திருத்துறைப்பூண்டிச் சேற்றில் முழங்கால் புதைய உழுதுவிட்டு, ராத்திரி வைக்கோலைத் தின்று படுத்துக்கொள்ளும். காணை வந்தால் நாலு நாளில் எழுந்துவிடும். சீமை மாடு வந்த பிறகுதான் இத்தனை ஊசி. வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்து அரைத்து நாக்கில் தடவுங்கள். இது ஏதோ பாட்டி கதை இல்லை. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த மருந்து.

ஐஸ்பெட்டி:
நான் முகாம்களில் ஊசி போடும் வேலையில் இருப்பவன். அந்த மருந்தை நானும் சொல்வேன், புண் ஆறும், மாடு தீனி எடுக்கும். அது வந்த பிறகு செய்யும் வைத்தியம். வராமல் தடுப்பது வேறு. புண் கண்ணில் படுவதற்கு முன்பே அந்த மாட்டின் மூச்சிலும் எச்சிலிலும் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடும். நாட்டு மாடு லேசாகக் கஷ்டப்பட்டு எழுந்துவிடலாம், அதற்குள் பக்கத்துக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டிருக்கும்.

தாத்தா காலத்தைச் சொன்னீர்கள். அதே காலத்தில் வெக்கை என்று ஒரு நோய் இருந்ததே ஐயா. நாட்டு மாடுதான், கொத்துக் கொத்தாகச் செத்தது. இன்று அந்தப் பெயரே சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊசி போட்டுப் போட்டுத்தான் ஒழித்தார்கள். இந்தியாவுக்கு 2006இல் சான்று கிடைத்தது, உலகம் முழுக்க ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். கோமாரி ஊசி தரும் பாதுகாப்பு ஆறு மாதம்தான் நிற்கும், அதனால்தான் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறோம்.

கொட்டகை அண்ணனுக்கு: நீங்கள் சொன்ன பிறகும் நிறைமாதச் சினைக்குப் போட்டது தப்பு. அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். பிடித்து இழுத்து, மிரட்டி, வெயிலில் நிறுத்துவதே அதற்கு ஆகாது. பால் சில நாள் குறைவதும் உண்மை. அதை முன்னாடியே சொல்லாதது எங்கள் பக்கத்துக் குறை. ஆனால் ஒன்று கேட்கிறேன், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் எப்படி அப்புறப்படுத்தினீர்கள்?

மன்னார்குடி கொட்டகை:
கையால்தான். சாக்கில் போட்டு வாழைக்கொல்லையில் புதைத்தேன். ஏன்?

ஐஸ்பெட்டி:
ஏழு, எட்டு மாதத்தில் வீசினால் கன்று வீச்சு நோயாகவும் இருக்கலாம். புருசெல்லோசிஸ் என்பார்கள். ஊசிதான் காரணமா, இதுவா என்று ரத்தம் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. மாட்டை விடுங்கள், அது மனிதனுக்கும் வரும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் வரும், காய்ச்சாத பால் குடித்தால் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி இருந்தால் ஆஸ்பத்திரியில் மாடு கன்று வீசியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்றாது.

மன்னார்குடி கொட்டகை:
இதை அன்றைக்கே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? இருந்தாலும் நாலாம் நாள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து, உரத்துக்காக ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள். அதே வரப்பில்தான் என் மாடும் மேய்கிறது. அந்த ஆடுகளுக்கு யாரும் கோமாரி ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. என் ஆறு மாட்டுக்கு மட்டும் ஏன் கட்டாயம்?

வெட்டாற்றங்கரை:
அதற்காகத்தான் அண்ணே. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, லேசாக நொண்டும், அவ்வளவுதான். கிடையையும் நிறுத்த முடியாது, நம் வயலுக்கு அந்தப் புழுக்கை வேண்டும். உங்கள் கையில் இருப்பது உங்கள் மாடுதான். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டு மாடும் ஒரே குளத்தில்தான் தண்ணீர் குடிக்கிறது. ஒருத்தர் விட்டால் பதினோரு பேர் பயப்பட வேண்டும்.

கும்பகோணம் நாய்வீடு:
குறுக்கே வருகிறேன். போன வருடம் எங்கள் தெருவில் வெறிநாய் ஒரு கன்றைக் கடித்தது. அந்த வீட்டில் ஒவ்வொருவரும் ஊசிக்கு ஓடினார்கள். அந்த நோய் முற்றி அறிகுறி காட்டினால் மருந்தே கிடையாது. என் நாய்க்கு மூன்றாவது மாதம் போட்டேன், வருடா வருடம் போடுகிறேன்.

மன்னார்குடி கொட்டகை:
என் வீட்டு நாய்க்கும் போட்டிருக்கிறேன். என் கோழிகளுக்குக் கழிச்சல் ஊசியும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் போடுகிறேன். ஊசிக்கு நான் எதிரி இல்லை, அதைப் போடுகிற விதத்துக்குத்தான் எதிரி.

உம்பளச்சேரி காளை:
வெக்கை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் இரண்டு காளைகளுக்கும் வேண்டாம். என் மாடு வேறு மாட்டோடு சேர்வதில்லை.

ஐஸ்பெட்டி:
போன பொங்கலுக்கு மஞ்சுவிரட்டுத் திடலில் நிறுத்தவில்லையா ஐயா?

கொட்டகை அண்ணே, வெயில் ஏறும் முன் ஆறரைக்கே வாருங்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஐஸ் உருகியிருந்தால் போட விடாதீர்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி கேளுங்கள். சினை இருந்தால் எத்தனை மாதம் என்று உரக்கச் சொல்லுங்கள், நிறைமாதமானால் ஈன்ற பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மன்னார்குடி கொட்டகை:
சரி. ஏழு மாதச் சினை ஒன்று இருக்கிறது, அதை அவிழ்க்க மாட்டேன். கன்று வீசிய மாட்டுக்கு முதலில் ரத்தம் எடுக்கச் சொல்வேன். மற்ற நாலையும் கொண்டுவருகிறேன். அதில் ஐந்து மாதக் கிடேரிக் கன்று ஒன்று உண்டு, அதற்கும் போடலாமா?

ஐஸ்பெட்டி:
கோமாரிக்குத் தாராளமாகப் போடலாம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று போட வேண்டும். கன்று வீச்சு ஊசிக்கும் இதுதான் வயது, கிடேரிக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே தடவை. அதை டாக்டர் தனியாகப் போடுவார், தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.